கேட்கக் கூடாத கேள்வி

"முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன் மேடம். நான்..."

"அதெல்லாம் இப்போ வேண்டாம் தம்பி" என்று தடுத்தாள் வெர்னா, அமெரிக்க நகரமான ஓக்லாந்தின் அந்தச் சின்ன பேக்கரிக்கு முதலாளி. "ரொட்டிக்கு மாவு பிசையத் தெரியுமா? அதைக் காட்டு."

வேலை கேட்டு வந்திருந்த டெரல் பிசைந்து காட்டினான். அவள் மாவை விரலால் அழுத்தினாள். பள்ளம் மெல்ல எழும்பி மறைந்தது. எங்கே கற்றாய் என்று அவள் கேட்கவில்லை.

"மேடம், நடுவுல ஆறு வருஷம் நான் வேலையில இல்ல. ஏன்னா..."

"மறுபடியும் பாரு! வேலை உனக்குத்தான்னு எழுதிக் குடுக்கிற வரைக்கும் பழைய வழக்கு எதையும் நான் கேக்கக் கூடாது. அது சட்டம். நீயா கொட்டி என்னை மாட்டி விடாதே."

வேலைக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். "இப்போ சொல்லு."

டெரல் தலையைக் குனிந்துகொண்டான். "கத்தியைக் காட்டி ஒரு கடையில கொள்ளையடிச்சேன். ஆறு வருஷம் ஜெயில்."

"தெரியும். உன் வழக்குல ஜூரி பன்னிரண்டு பேருக்கும் தலைவி நான்தான். 'குற்றவாளி'ன்னு போட்ட தாள்ல கையெழுத்துப் போட்டதும் இதே கைதான்."

டெரல் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "உள்ள வரும்போதே அடையாளம் தெரிஞ்சுதா? அப்புறமும் எப்படி மேடம்..."

"அன்னைக்கு எல்லாத்தையும் கேட்டு முடிவு பண்ணுன்னு சட்டம் சொல்லுச்சு, பண்ணினேன். இன்னைக்கு மாவை மட்டும் பாருன்னு சொல்லுது. திங்கக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு வந்துடு."