எருமைக்குப் பொட்டு

மாவட்டக் கலைக்கூடத்தில், விற்றுப்போன ஓவியத்தின் சட்டத்தில் சிவப்பு வட்டம் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். தமயந்தி வரைந்த அவர்கள் வீட்டு எருமைக்கு மட்டும் அது இன்னும் விழவில்லை. கடைசி நாளில் கண்காட்சி பார்க்க வந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருக்காங்க, நம்ம லச்சுமி மட்டும் மூளியா நிக்கிறாளே!"

தன் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்துச் சட்டத்தில் ஒட்டினாள்.

சற்று நேரத்தில் ஒருவர் எருமையின் முன் வந்து நின்றார். நகரவே இல்லை. "அடடா, வித்துப்போச்சா? எனக்கு வேணும்னு நினைச்சேனே."

தமயந்தி பொட்டைப் பிய்க்கக் கை நீட்டினாள். அந்தப் பக்கம் அம்மா, வெறும் நெற்றியோடு, வாசல் காவலாளியை இழுத்துவந்து காட்டிக்கொண்டிருந்தாள்: "என் மக வரைஞ்சது!"

நீட்டிய விரல் பொட்டை இன்னும் அழுத்தி ஒட்டியது.

"ஆமா சார், வித்துப்போச்சு."