பெட்டிக்குள் குங்குமம்

"மீனம்மா, நாளையில இருந்து நீங்க வேலைக்கு வர வேணாம்!"

கஜேந்திரன் சேர் போட்ட சத்தத்தில் படிக்க வந்த பிள்ளைகள் ஆடிப்போனார்கள்.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் படிப்பு நிலையம் அது. இருப்பதே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். நாளைக்கு அங்கே படிக்கும் ஷாமிலாவுக்கு ஒன்லைன் பரீட்சை வேறு. பழுது பார்க்க ஹட்டனிலிருந்து வந்த சிப்னாஸ் பெட்டியைத் திறந்தால், உள்பக்கம் பளிச்சென்று ஒரு குங்குமப் பொட்டு!

"கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கக் கூடாதுன்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேனே! கூட்டித் தொடைக்கிற உங்களைத் தவிர இதை யாரு தொடுவா? மூடநம்பிக்கை!"

இந்த வேலையும் போனால் மீனம்மா வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் அவர் வாயே திறக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சேர்," என்றார் சிப்னாஸ்.

உள்ளே இருந்த இரண்டு ரேம் நினைவக அட்டைகளையும் கழற்றினார். ஒன்றை மட்டும் மாட்டிச் சோதனையை ஓடவிட்டார். திரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பிழைகள். இடத்தை மாற்றி மாட்டினார், அங்கேயும் அதே கதை. மற்ற ரேமை மாட்டினார். ஒரு பிழைகூட வரவில்லை.

"இந்த ரேம் தானாவே பழுதாயிருக்கு சேர். குங்குமம் பண்ணின வேலை இல்ல. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். மற்றது நல்லா இருக்கு, அதை வச்சே பிள்ள பரீட்சை எழுதலாம்."

ஷாமிலா துள்ளிக் குதித்தாள்.

"சரி சரி... மீனம்மா, நாளைக்கு வாங்க." மீனம்மாவின் முகத்தைப் பார்க்காமலே முணுமுணுத்துவிட்டு, பிள்ளைகளோடு வெளியே போனார் சேர்.

சிப்னாஸ் பொட்டைத் துடைக்கத் துணியை எடுத்தார்.

"தொடைச்சிறாதீங்க தம்பி!"

"ஏன், நீங்க வச்சதாக்கா?"

"எனக்கு அந்தப் பொட்டியத் திறக்கவே தெரியாது."

சிப்னாஸுக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்ப ஏன் பேசாம நின்னீங்க?"

"பேசினா பிள்ளைங்க சிரிப்பாங்க. சம்பளம் வாங்காம படிச்சிக் குடுக்கிற மனுசன், வெக்கத்துல வராமலே போயிருவாரு."

மீனம்மா குரலைத் தாழ்த்தினார். "சரஸ்வதி பூசை முடிஞ்சு எல்லாரும் போனதும், 'தாயே, என் பிள்ளைங்க அத்தனை பேரும் பாஸாகணும்'னு கும்பிட்டுக்கிட்டே, நான் வாசல்ல நிக்கிறது தெரியாம உள்ள பொட்டு வச்சது சேர்தான்!"