ஐந்து பேர் ஏறும் வண்டி

அப்பாவின் பதினாறாம் நாள் படையலில், பொரித்த நெத்திலிக்குப் பக்கத்தில் சித்தப்பா ஒரு கூடைப்பந்தைக் கொண்டுவந்து வைத்தார். "குடும்பம், பந்து, பழைய காரு. அண்ணனுக்கு இத விட்டா வேற என்ன தெரியும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா பந்தைக் காலால் எத்திவிட்டாள். "டீமுக்கு அஞ்சு பேரு வேணும்னே மூணு பெத்துக்க வச்ச மனுஷன். டீம் ஒடஞ்சிரும்னு பெரியவளுக்கு வந்த வரனெல்லாம் திருப்பி அனுப்புனாரு. பாசமாம் பாசம்! மூச்சு முட்டிச்சுய்யா எனக்கு."

ஞாயிறு காலைகளில் பந்தாடப் போக அப்பா அந்தப் பழைய மோரிஸ் காரைத் துடைத்து நிறுத்திவிட்டு ஹாரன் அடிப்பார். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து போய் ஏறியாக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் வண்டி நகராது.

இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெறுங்காலோடு வாசலில் நின்றோம். அப்போது, பூட்டியிருந்த கார் ஷெட்டுக்குள்ளிருந்து ஹாரன் கேட்டது. எப்போதும்போல் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று.

சித்தப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஷெட்டைப் பார்த்துக் கத்தினாள். "போறதுன்னா நீங்க மட்டும் போங்க! இந்த ஒரு தடவையாவது தனியா போய்த் தொலைங்க! எம் புள்ளைங்க வராது!"

ஹாரன் மறுபடியும் அடித்தது. அதில் கோபமே இல்லை.

அம்மா எங்கள் பக்கம் திரும்பினாள். முகங்களைப் பார்த்தாள், பிறகு கால்களைப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் செருப்பை மாட்டியிருந்தோம்.