ஓடுற வண்டிக்குப் பட்டை

"ஓடுற வண்டிச் சக்கரத்துக்கே இரும்புப் பட்டை மாட்டினவன்வே நான்!" என்றார் நல்லபெருமாள் ஆசாரி. ரயில் எட்டிப் பார்க்காத அந்த ஊர் மொத்தமும் சிரித்ததில் கொல்லுப் பட்டறை உலைச் சாம்பல் கூரை வரை பறந்தது. சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்டு, பழுக்கக் காய்ச்சிய பட்டையை இறக்கி, தண்ணீர் ஊற்றி இறுக்குவதற்கே நாலு ஆள் வேண்டும். இவருக்கோ கை நடுக்கம். இன்று உலையைப் புது ஆசாரியிடம் ஒப்படைக்கிறார்கள். கைவேலையோடு தன் பேச்சுக்கும் மதிப்புப் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். விடாமல் அளந்தார். மாடுகள் மிரண்டு ஓடினவாம். செக்கச் சிவந்த பட்டை, பிடித்திருந்த இடுக்கியை உதறிவிட்டு மேட்டிலிருந்து உருண்டு துரத்தியதாம். எல்லைச்சாமி கோயில் தாண்டிச் சக்கரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டதாம்.

எல்லோரும் அவர் மனைவி உலகம்மையைப் பார்த்தார்கள். நாற்பது வருஷம் அந்த உலைக்குத் துருத்தி ஊதியவள். அவர் அளக்கும் எந்தக் கதைக்கும் "பொய்யி" என்று முதலில் சொல்பவள் அவள்தான். ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன அத்தை, நெசமா?" என்றான் புது ஆசாரி.

அவள் துருத்திக் கயிற்றை விடாமலே சொன்னாள்: "நெசந்தான். குடத்தோட பின்னாலயே ஓடித் தண்ணி ஊத்துனது நான்லா?"