மிதி, பிடி, விடு

மாமனார் பேத்தியின் பையோடு வாசலுக்கு வந்தபோது, அவருடைய காரின் முன் சக்கரத்தருகே மாப்பிள்ளை குந்தியிருந்தான். அவன் விரல்களில் எண்ணெய் மினுங்கியது.

"என்ன மாப்ள, காலங்காத்தால?"

"கீழ ஈரமா இருந்துச்சு மாமா. தொட்டுப் பாத்தேன்." கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

மாமனார் பையைத் தரையில் வைத்தார். படுக்கும்போதுகூடச் சட்டைப் பையை விட்டு எடுக்காத சாவியை எடுத்தார். கதவைத் திறந்து உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். பெடல் பஞ்சில் புதைவதுபோல் அடிவரை இறங்கியது.

"போச்சு. இத வச்சுக்கிட்டுப் பாப்பாவை எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

பாப்பா படியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா இறந்தபின், இனி தாத்தா வீட்டில்தான் வளரவேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அழைத்துப்போக மாமனார் நேற்றே வந்து தங்கியிருந்தார்.

தெருமுனைப் பட்டறையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் பானெட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பாவுக்குள் டார்ச் அடித்தார். ஆயில் அடியில்தான் கிடந்தது.

"குறையுதுன்னா எங்கயோ ஒழுகுது. எங்கன்னு கேட்டா அதுவே சொல்லிடும்."

டப்பாவில் புது ஆயிலை ஊற்றினார். மாமனாரை ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்து, பிரேக்கை மெல்ல மிதிக்கச் சொல்லிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்தார். இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேருமிடத்தில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது.

"ஹோஸ் கிழிஞ்சிருச்சா?" என்றார் மாமனார்.

"ஹோஸ் உங்கள விடத் தெம்பா இருக்கு சார். நட்டுதான் லூஸ்."

மெக்கானிக் அதை விரலால் திருகிப் பார்த்தார். திரும்பியது. தலையை வெளியே எடுத்தவர், காரை விட்டு இறங்கி வந்த மாமனாரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இது தானா கழண்டுக்கிற நட்டு இல்ல சார். சுத்திலும் துரு, மூலையில மட்டும் பளபளன்னு ஸ்பேனர் கடிச்ச தடம். சாவி போட்டு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சாத்தான் இங்க கையே நுழையும். யாரோ நிதானமா உக்காந்து பண்ணிருக்காங்க."

மெக்கானிக்கின் பார்வை, மாப்பிள்ளையின் பேன்ட்டில் இருந்த எண்ணெய்க் கறைக்குப் போய்த் திரும்பியது.

"பெத்த மனசு சார்," என்றார் தணிந்த குரலில். "பிள்ளைய அனுப்ப முடியாது, வாயத் தெறந்து சொல்லவும் வராது. திட்டிடாதீங்க."

"திட்டல. அப்படி இருந்தா எனக்குச் சந்தோஷம்தான்."

மெக்கானிக் நட்டை இறுக்கினார். சக்கரத்தின் அருகே இருந்த சின்னக் குமிழில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டார்.

"உள்ள காத்து புகுந்திருக்கும், வெளியேத்தணும். யாராவது ஏறி மிதிங்க."

மாமனார் நகரவில்லை. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தான்.

"மிதிங்க. பிடிங்க. ம், விடுங்க."

குழாயில் குமிழிகள் ஓடின. பாப்பா படியிலிருந்து இறங்கி வந்து மெக்கானிக்கின் பக்கத்தில் குந்திக்கொண்டாள். அவர் சொல்வதை இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை அவளே சொன்னாள்.

"மிதி. பிடி. விடு."

"எனக்கு மேல ஒரு முதலாளி வந்தாச்சு," என்றார் மெக்கானிக்.

மாமனார் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல மிதித்தான், பிடித்தான், விட்டான். குமிழிகள் நின்று, குழாயில் ஆயில் மட்டும் வந்தது. பெடல் கல்போல் நின்றது.

மெக்கானிக் கிளம்பினார். பாப்பா தண்ணீர் குடிக்க உள்ளே ஓடினாள்.

மாமனார் மாப்பிள்ளையின் அருகில் வந்தார். "அவர் சொன்னது உங்க காதுலயும் விழுந்திருக்கும். நான் எதுவும் கேக்கல மாப்ள. அனுப்ப இஷ்டமில்லேன்னா சொல்லிடுங்க, நான் மட்டும் கிளம்பிடறேன். உங்க அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவன் பாப்பாவின் பையை எடுத்துப் பின் சீட்டில் வைத்தான்.

"நான் கை வைக்கல மாமா."

"வச்சிருந்தாலும் தப்பில்ல மாப்ள."

"வைக்கல." அவன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ராத்திரி அம்மா வேணும்னு அழுதா. பக்கத்துலதான் படுத்திருந்தேன். எனக்கு ஒண்ணுமே தோணல. செவுத்தையே பாத்துட்டிருந்தேன், அவளே அழுது ஓஞ்சு தூங்கிட்டா. கூட்டிட்டுப் போயிடுங்க."

மாமனார் வாயைத் திறந்தார். பாப்பா வந்துவிட்டாள்.

அவன் அவளைத் தூக்கிச் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினான்.

"அப்பா, நீங்க எப்ப வருவீங்க?"

"தாத்தாவத் தொந்தரவு பண்ணாம இரு."

கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றான். மாமனார் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பிறகு தன் பக்கக் கண்ணாடியை இறக்கினார்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னுதான் மாப்ள, அந்த நட்டை நானே லூஸ் பண்ணேன்."