வெர்னர் வீட்டுச் சுவரில் ஒரு சிப்பாய்

அந்தப் படம் சுவரிலேயே இருந்தது.

கழற்றி வை என்று நான் கட்டப்போகும் லூக்காஸிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அப்பா முதன்முதலாக மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிறார், இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று கெஞ்சினேன். லூக்காஸை வளர்த்த தாத்தா வெர்னர் மறுத்துவிட்டாராம். அது அவருடைய தகப்பனாம், எங்கேயும் போகமாட்டாராம்.

தகப்பனாகவே இருக்கட்டும். உடம்பில் இருப்பது ஹிட்லர் காலத்து ஜெர்மன் ராணுவச் சீருடை அல்லவா?

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டை இலங்கை ஆமிக்காரர் பிடித்து முகாமாக்கிய நாளிலிருந்து அப்பாவுக்குச் சீருடை என்றாலே ஆகாது. இங்கே ஜெர்மனியில், டோர்ட்மண்ட் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஏறினாலே அவருக்கு வியர்க்கும். இந்தக் கல்யாணத்துக்கு அவர் இன்னும் ஓம் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதற்கு இதைவிட நல்ல சாட்டு வேண்டுமா?

லூக்காஸ் அந்த ஆளைப் பற்றி வாயெடுத்தபோதெல்லாம் நான்தான் கதையை மாற்றினேன். படத்தை நேராகப் பார்த்ததுகூட இல்லை.

அம்மா பலகாரத் தட்டத்தை மேசையில் வைத்தார். எண்பது வயது தாண்டிய வெர்னர், தோட்டத்து வெயிலில் கறுத்த கையை நீட்டினார். அப்பா பாதிக் கைகொடுத்தார். மீதியைக் கொடுப்பதற்குள் சுவரில் படத்தைக் கண்டுவிட்டார்.

நேரே படத்தடிக்குப் போனார். கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

லூக்காஸ் என் கையைப் பிடித்தான்.

அப்பா ஹெல்மெட்டுக்குக் கீழே இருந்த முகத்தையே பார்த்தார். திரும்பி வெர்னரைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"உது எங்கட ஆளெல்லோ!"

வெர்னர் பக்கத்தில் வந்து நின்று ஜெர்மனில் சொன்னார். அவருடைய தகப்பன் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து வந்த தமிழராம். பாலைவனச் சண்டையில் பிடிபட்டுக் கைதியாக இங்கே வந்தவர். வெள்ளைக்காரனை நாட்டைவிட்டுத் துரத்தலாம் என்ற பேச்சை நம்பி, கைதியாக இருந்த வேறு இந்தியர்களோடு சேர்ந்து இந்தச் சீருடையைப் போட்டிருக்கிறார். போர் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகுமுன் வெர்னரின் ஜெர்மன் தாயிடம் தன் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லியிருந்தார்.

மன்னார்குடி.

அப்பா இந்தியாவுக்கு ஒருநாளும் போனதில்லை. மன்னார்குடி கிழக்கா மேற்கா என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஓர் ஊர்ப் பெயர் காதில் விழுந்தால் யாழ்ப்பாணத்து மனிதர் சும்மா இருப்பாரா? வெர்னரின் தோளில் கை போட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"சம்பந்தி, மன்னார்குடியில எவடம்?"

வெர்னருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்கு முதல் சொல்லே போதும். எல்லோர் முன்னாலும், அப்பா இருக்கிறார் என்றும் பாராமல், லூக்காஸைக் கட்டிப்பிடித்தேன்.