பாயிண்டா, எலக்ட்ரானிக்கா

ஞானதுரையின் எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார் கப்பலில் வந்திறங்கிய நாளிலிருந்தே ஒரு வியாதிக்காரி. ஞாயிறு பூசை முடிந்து திரும்பும்போது, தீப்பொறி தரும் பாயிண்ட் சூடாகி, சொல்லிவைத்தாற்போல ரோஸ்லின் டீச்சர் வீட்டு வாசலில்தான் நின்றுபோகும். அவர் இறங்கி, பானட்டைத் திறந்து, உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்ப்பார். ஞானதுரையின் கல்யாணத்துக்கு முன்னால் அவரோடு கோயில் பாடகர் குழுவில் பாடிய டீச்சர், ஒரு செம்புத் தண்ணீரோடு வருவாள். பாயிண்டுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள், முன்சீட்டில் விசிறிக்கொண்டிருக்கும் மனைவி செல்வமணியைத் தவிர.

இந்த முறை பாயிண்ட் தேய்ந்தே போய்விட்டது. மெக்கானிக் முகைதீன் கேட்டான்: "அண்ணாச்சி, பழையபடி பாயிண்டே போடவா, எலக்ட்ரானிக் மாட்டவா? அத மாட்டுனா வண்டி எங்கயும் நிக்காது."

"பழைய வண்டிக்குப் பழசுதாம்டே அழகு," என்றார் ஞானதுரை அவசரமாக.

"எலக்ட்ரானிக்கே மாட்டு தம்பி," என்றாள் செல்வமணி. "அங்க நிக்கணும்னா இவுகளே நிறுத்தட்டும்."

அடுத்த ஞாயிறு வண்டி ஓர் இருமல்கூட இல்லாமல் ஓடியது. டீச்சர் வாசலில் நின்றிருந்தாள். ஞானதுரையின் கால் பிரேக்கின் மேல் இருந்தது. செல்வமணி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.